எருமைக் கொட்டிலும் தாய்வீடும்

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது தமிழ்நாட்டில் எவரும் எழுதி வைக்காத சட்டம். வளைகாப்பு நடத்தி, கை நிறையக் கண்ணாடி வளையல் குலுங்க மகளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போகும் தாய், பிள்ளைக்கு மூன்று மாதமோ ஐந்து மாதமோ நிறைந்த பிறகே அவளைக் கணவன் வீட்டுக்கு அனுப்புவாள். அந்தச் சட்டத்துக்குள் ஊர் மருத்துவச்சிக்கும் ஓர் ஸ்தானம் உண்டு; பெரும்பாலும் நாவிதர் குடும்பத்தைச் சேர்ந்த அவள், தாய்க்குப் பேறு பார்த்தவளாகவே இருந்து, பிறகு மகளுக்கும் பார்ப்பவள்; கூலியாக நெல்லும் புடவையும் பெற்று, அந்த வீட்டு நல்லது கெட்டதுகளில் உரிமையோடு வந்து நிற்பவள். வீட்டிலா, ஆஸ்பத்திரியிலா என்ற கேள்விக்கு அங்கே நெடுங்காலம் இடமே இருந்ததில்லை. கடல் தாண்டிச் சிங்கப்பூர் வந்த தமிழ்ப் பெண்ணுக்கோ தாய்வீடும் இல்லை, அந்த மருத்துவச்சியும் இல்லை. இந்நகரத்துத் தமிழரின் பிரசவ சரித்திரத்தை இந்த இழப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். மருத்துவமனை திறந்த ஆண்டிலிருந்து தொடங்குகிறவர்கள் பாதிக் கதையையே சொல்கிறார்கள்.

வந்த பெண்களும் மிகச் சிலரே. 1931ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில்கூட இங்கிருந்த இந்தியரில் ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ ஐந்து ஆண்கள் இருந்தார்கள். கப்பல் கூலி கொடுக்க வசதியுள்ளவர்கள், கர்ப்பம் தெரிந்த கையோடு மனைவியை நாகப்பட்டினத்துக்கோ சென்னைக்கோ கப்பலேற்றிவிடுவார்கள். 1926இல் கட்டப்பட்டு ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் இந்தக் கடலில் போய்வந்த ‘ரஜுலா’ கப்பலின் மேல்தளத்தில், எத்தனையோ தலைச்சன் பிள்ளைகள் தாயின் வயிற்றிலிருந்தபடியே பிரயாணம் செய்திருக்கும். அனுப்ப வழியில்லாத வீடுகளில், அடுத்த கதவுப் பெண்மணி ஒருத்தி வெந்நீர் வைப்பாள். கம்பம் எனப்படும் கிராமக் குடியிருப்பில் இருந்தால் மலாய்க்கார மருத்துவச்சியான பீடானுக்கு ஆள் போகும்.

என் பாட்டி தன் இரண்டாவது பிள்ளையை அப்படித்தான் பெற்றாள். வலியையும் பயத்தையும் மறந்துவிட்ட எண்பது வயதிலும், ‘மாக் பீடான்’ அடுப்பில் சுட வைத்து எடுத்த அந்தக் கல்லை மட்டும் அவள் மறக்கவில்லை. மெங்குடு என்ற மரத்தின் இலையில் பொதிந்து, அதன்மேல் துணியைச் சுற்றி, அடிவயிற்றில் வைத்து மெல்ல அழுத்தி உருட்டுவார்களாம்; அதன்பின் நீளத் துணியை இடுப்பிலிருந்து மார்புக்குக் கீழ்வரை இறுக்கிச் சுற்றி முடிச்சிடுவார்களாம். பாஷை தெரியாத அந்தக் கிழவியின் கைக்குள் படுத்திருந்தபோது, தன் தாயாரும் இதே மாதிரி வயிற்றுக்குத் துணி கட்டுவாள் என்ற ஞாபகம் வந்து, அதுவரை வராத அழுகை வந்ததாகப் பாட்டி சொல்லுவாள். சுக்கும் மிளகும் பூண்டும் இடித்துப் போட்ட நம்முடைய பிரசவ மருந்தும், மலாய்க்காரரின் ஜாமு என்ற மூலிகை மருந்தும் ஒரே அடுப்பங்கரையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பத்திய விஷயத்தில் இரண்டு இனத்துக் கிழவிகளுக்கும் பெரிய அபிப்பிராய பேதம் இருந்ததில்லை.

ஆனால் அந்த அன்பான கையை நினைத்து உருகுகிற நாம், அந்தக் காலத்துச் சாவுக் கணக்கையும் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நகரில் உயிரோடு பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளிலும் 300க்கு மேற்பட்டவை முதலாண்டு நிறைவைக் காணாமலே மடிந்தன. கொதிக்க வைக்காத கத்தியாலோ மூங்கில் சீவலாலோ தொப்புள்கொடியை அறுத்து, அறுத்த இடத்தில் சாம்பலையோ வேறெதையோ அப்புவதால் உண்டான ஜன்னியும் அதற்கு ஒரு முக்கிய காரணம். பால் குடித்துக்கொண்டிருந்த சிசு ஒரு வாரத்துக்குள் தாடை இறுகி, உடம்பு வில்லாக வளைந்து போய்விடும். பேய் பிடித்தது என்று சொல்லி அழுதவர்களுக்குக் கத்தியின்மேல் சந்தேகம் வரவில்லை. 1910இல் மருத்துவச்சிகளுக்கு முறையான பயிற்சி தொடங்கிற்று. 1915இல் மருத்துவச்சிகள் சட்டம் வந்து, பெயரைப் பதிவு செய்துகொள்ளும் கட்டாயமும் வந்தது.

பிரசவ மருத்துவமனை அதற்கும் முன்பே உண்டு. 1888இலேயே விக்டோரியா வீதிப் பக்கத்தில் சிறிய அளவில் ஒன்று ஏற்பட்டிருந்தது. கட்டில் இருந்தும் நம் பெண்கள் போகவில்லை. அந்நிய ஆண் ஒருவன் கண்ணெதிரே பிள்ளை பெறுவதைவிடச் சாவது மேல் என்று எண்ணிய காலம் அது. அந்தக் கூச்சத்தை அறியாமை என்று இகழாமல், அதைப் புரிந்துகொண்டு 1913இல் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாக ஒரு சிறு வைத்தியசாலையைத் திறந்த ஆங்கிலேயப் பெண் மருத்துவர் ஷார்லட் ஃபெர்கூசன் டேவியை நன்றியோடு குறிப்பிட வேண்டும்.

பிறகு வந்ததுதான் கண்டாங் கெர்பாவ். மலாய் மொழியில் அதற்கு எருமைக் கொட்டில் என்று பொருள். சிராங்கூன் சாலையை ஒட்டிய அந்தத் தாழ்ந்த நிலத்தில், தண்ணீரும் புல்லும் தாராளமாகக் கிடைத்ததால் மாட்டு வியாபாரம் செழித்தது. பால்காரர்களும் மாட்டுவண்டிக்காரர்களுமாகத் தமிழர் அங்கே குடியேறினார்கள். இன்றும் பஃபலோ ரோடு என்று ஒரு தெரு அதற்குச் சாட்சியாக இருக்கிறது. அங்கே முன்பிருந்த பொது மருத்துவமனைதான், 1924ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி 30 கட்டில்களோடும் 12 தொட்டில்களோடும் இலவசப் பிரசவ மருத்துவமனையாக மாற்றப்பட்டது. தமிழர் குடியிருப்பின் வாசலிலேயே, காசு கேட்காத ஒரு பிரசவ வீடு அமைந்துவிட்டது என்பதே இங்கே பெரிய விசேஷம். அந்த வட்டாரமான தேக்காவில் குடியிருந்தவளுக்கு அது நடந்து போகிற தூரம். கணவன் சாயங்காலம் வேலை விட்டு வருகிற வழியில் எட்டிப் பார்த்துவிடலாம். கட்டிலுக்கு அடுத்த கட்டிலில் தன் பாஷை பேசுகிற ஒருத்தி படுத்திருப்பாள். ஜப்பானியர் காலத்தில் இந்நாட்டவரான பெஞ்சமின் ஷியர்ஸ் அங்கே பிரசவப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். அறுவைசிகிச்சையில் கைதேர்ந்த அம்மருத்துவரே 1971இல் சிங்கப்பூரின் ஜனாதிபதியானார்.

மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் நடுவே நின்ற ஒருத்தியை நாம் சுலபமாக மறந்துவிடுகிறோம். பயிற்சி பெற்ற மருத்துவச்சி, கையில் பையோடு சைக்கிளிலோ கால்நடையாகவோ வீடு தேடி வருவாள். பையைத் திறந்ததும் கொதித்த தண்ணீர் கேட்பாள். கத்தரிக்கோலையும் நூலையும் அதில் போட்டுக் காத்திருப்பாள். பாயின்மேல் எண்ணெய்த் துணியை விரித்து, நகத்தடி வரைக்கும் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவுவாள். பிறந்த குழந்தையின் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, துணித் தூளியில் கட்டித் தராசில் தொங்கவிட்டு நிறுத்து, அதைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டே போவாள். கிராமப்புறங்களில் இந்தத் தாய்சேய் நலப் பணியை 1920களின் பிற்பகுதியிலிருந்து 1948 வரை வளர்த்தவர் ஐடா சிம்மன்ஸ் என்ற செவிலியர். கொதிநீரில் கிடந்த அந்தக் கத்தரிக்கோல் காப்பாற்றிய உயிர்கள், பெரிய கட்டடங்கள் காப்பாற்றியவற்றைவிடக் குறைவாயிரா என்றே நான் நம்புகிறேன். வீடு தேடி வந்த இந்த மருத்துவச்சியைக் கண்டு பழகிய பிறகுதான், வெள்ளைச் சீருடைமேல் நம் பெண்களுக்கிருந்த அச்சம் தெளிந்தது. 1950இல் ஆயிரத்துக்கு எண்பது என்ற அளவுக்கு இறங்கிய சிசு மரணம், 1960இல் முப்பத்தைந்தாயிற்று.

அச்சம் தெளிந்ததும் கூட்டம் பெருகிற்று. 1955இல் புதிய கட்டடமும், வீட்டுக்கே வந்து பிரசவம் பார்க்கும் சேவையும் ஏற்பட்டும் இடம் போதவில்லை. 1966இல் அந்த ஒரே மருத்துவமனையில் ஏறத்தாழ 40 ஆயிரம் குழந்தைகள் பிறந்தன. நாள் ஒன்றுக்கு நூற்றுக்கு மேல். உலகத்தில் மிக அதிகமாகப் பிரசவம் நடக்கும் இடம் என்று சாதனைப் புத்தகத்தில் அதன் பெயர் ஏறிற்று. தாய்மார்களை நெடுநாள் வைத்துக்கொள்ள இடமில்லாமல் ஓரிரு நாளிலேயே வீட்டுக்கு அனுப்ப, மருத்துவச்சிகள் பின்னோடு சென்று பார்த்து வந்தார்கள். குடும்பக் கட்டுப்பாட்டின் பொருட்டு, 1970களில் பிள்ளையின் எண்ணிக்கை ஏற ஏறப் பிரசவக் கட்டணமும் ஏறிற்று. ஆயினும் வீட்டுப் பிரசவத்துக்கு ஜனங்கள் திரும்பவில்லை. கம்பங்கள் கலைந்து, அடுக்குமாடி வீடுகளில் குடியேறிய போது, வெந்நீர் வைக்கும் அடுத்த கதவுப் பெண்மணியும் சுடுகல் உருட்டும் பீடானும் கூப்பிடு தூரத்தில் இல்லை. 1997இல் மருத்துவமனை, கால்வாய்க்கு அப்பாலுள்ள புதுக் கட்டடத்துக்குச் சென்றது; பழைய கட்டடத்தில் இப்போது நிலப் போக்குவரத்து ஆணையம் இயங்குகிறது.

அங்கிருந்து பஃபலோ ரோடு வழியாகச் சிராங்கூன் சாலைக்கு வந்து, பெலிலியோஸ் ரோடு முனை வரை நடந்தால் வீரமாகாளியம்மன் கோயில். உள்ளே பெரியாச்சி சந்நிதி. ஒரு ராணியைத் தன் மடியில் கிடத்தி, பிறந்த சிசுவை மண்ணில் படாமல் உயர்த்திப் பிடித்திருக்கும் அந்த உக்கிர தேவதை, கதைப்படி பிள்ளைப்பேறு பார்க்க அழைக்கப்பட்ட ஒரு மருத்துவச்சிதான். மருத்துவமனையில் பிள்ளை பெற்ற பெண்கள் இன்றும், தீட்டுக் கழிந்த முப்பத்தோராம் நாளை ஒட்டிக் குழந்தையை அங்கே கொண்டுவருகிறார்கள். சென்ற மாதம் நான் நின்றிருந்தபோது, புதுப் பட்டுடுத்திய ஒரு தாய் தன் குழந்தையைப் பெரியாச்சியின் பாதத்தடியில் கிடத்தினாள். குழந்தையின் கையில் கறுப்பு வளையல். மருத்துவமனையில் கட்டிய பெயர்ப்பட்டையை அவள் ஞாபகமாக வைத்திருந்து, மஞ்சளும் வெற்றிலையும் இருந்த தட்டின் ஓரத்தில் வைத்திருந்தாள்.