துளையட்டைப் பெண்கள்

தாமஸ் அக்வினாஸின் லத்தீன் எழுத்துகளுக்கு இயந்திரம்வழிச் சொல்லடைவு தொகுத்தவர் ரொபேர்ட்டோ புசா, இத்தாலியப் பாதிரியார். 1949இல் நியூயார்க் போய் ஐபிஎம் தலைவர் வாட்சனிடம் உதவி பெற்றார். அச்சில் வந்தவை 56 தொகுதிகள். ஒரு கோடிக்கு மேற்பட்ட சொற்கள். கணினிவழி இலக்கிய ஆய்வின் தந்தை என்கிறார்கள் அவரை. தந்தை சரி, பிரசவம் பார்த்தவர்கள் யார்?

வேலை நடந்த விதத்தைப் பார்த்தால் தெரியும். கல்லராத்தே நகரில் இளம்பெண்களுக்குத் துளையட்டைப் பயிற்சி தரப்பட்டது. ஒருவர் மூலத்தைப் பார்த்து அட்டையில் துளையிடுவார். இன்னொருவர் அதே வரியை மறுபடி அடிப்பார். ஒவ்வாத இடத்தில் இயந்திரம் நின்றுவிடும். அதன்பிறகே அட்டைகள் அகரவரிசைக்குப் போகும். பெரும்பாலோருக்கு லத்தீன் தெரியாது. தெரியாதவர்களே குறைவாகப் பிழைவிடுகிறார்கள் என்பது புசாவின் கணக்கு. புரியாத மொழியை நாள் முழுக்கப் பிழையின்றி அடிப்பது மட்டும் அறிவுழைப்பு இல்லையாம்!

புகைப்படங்களில் அவர்கள் இருந்தார்கள், பெயரில்லாமல். மெலிசா டெராஸ், ஜூலியான் நைஹன் போன்ற ஆய்வாளர்கள் பல பதிற்றாண்டுகள் கழித்துத் தேடிய பிறகே சிலருடைய பெயர்கள் வெளியே வந்தன.

என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் சொல்லடைவை அடித்துத் தந்தவர் டிடிபி கடை அக்கா. மூன்று இடங்களில் என் பிழையைச் சுட்டிக்காட்டியவரும் அவரே. நன்றியுரையில் நெறியாளர், நூலகர், கணவர் எல்லோரும் உண்டு. அக்காவின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.