எல்லைப்புற ஆட்டங்களும் பியானோவும்

ருஷ்ய இசை நாடகங்களில் துள்ளலான நடனங்களைக் கூர்ந்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். அவற்றுள் புகழ்பெற்ற பல, ருஷ்யருடையனவே அல்ல. பேரரசின் எல்லைப்புற மக்களுக்குரியவை.

கிளிங்காவின் ‘ருஸ்லானும் லுத்மிலாவும்’ 1842இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறியது. அதன் நான்காம் அங்கத்தில் வரும் லெஸ்கின்கா, தாகெஸ்தானத்து லெஸ்கிய முஸ்லிம்களின் பெயர் தாங்கிய ஆட்டம். அவ்வாண்டுகளில்தான் அம்மலைகளில் இமாம் ஷாமிலின் படையோடு ஜாரின் படை பொருதுகொண்டிருந்தது. மலையில் போர், தலைநகர மேடையிலோ அம்மலைநாட்டு நடனம்!

உக்ரேனியக் கோசாக்கியரின் ஹோபாக்குக்கு நேர்ந்ததும் ஏறத்தாழ இதுவே. தாவிக் குதிப்பதைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்தது இப்பெயர். கோகோலின் கதையைத் தழுவி, ‘சொரோச்சின்ட்சி சந்தை’ என்னும் இசை நாடகத்தை முஸோர்க்ஸ்கி 1874இல் தொடங்கினார். 1881இல் அவர் மறைந்தபோது அது முற்றுப்பெறவில்லை. இதனிடையே 1876இல் இரண்டாம் அலெக்சாந்தர் பிறப்பித்த ஆணை, உக்ரேனிய மொழியில் நாடகம் நடத்துவதையும் இசைக்குரிய பாடல்களை அச்சிடுவதையும் தடுத்தது. நாவுக்குத் தளை பூட்டியவர்கள் காலின் துள்ளலை மட்டும் விட்டுவைத்தனர்.

அந்த ஹோபாக்கை முஸோர்க்ஸ்கியே பியானோவுக்கு மாற்றினார். எனினும் இன்று மேடைகளில் பெரிதும் ஒலிப்பது, 1917இன் இறுதியில் தாயகம் துறந்த ராஹ்மானினோவ் 1924இல் ஆக்கிய வடிவமே. இம்மாற்றம் எளிய வேலையன்று. வயலின் வில் ஒலியை நீட்டிக்க வல்லது. சுத்தியல் தட்டிய பியானோத் தந்தியின் ஒலியோ பிறந்த கணமே தேயத் தொடங்கும். ஆதலின் ஆட்டம் தளராதிருக்க, இடக்கை அடித்தளச் சுரத்தைத் தட்டி உடனே மேலே தாவ வேண்டும். வலக்கை மெட்டை ஏந்த வேண்டும். ஆடுபவனின் தாவலை இசைப்பவனின் கையே செய்கிறது எனலாம். எளிய நாட்டுப்புற மெட்டின் கீழ், அரைச்சுரம் அரைச்சுரமாக நழுவும் ஒலித்திரள்களை ராஹ்மானினோவ் இழைத்தார். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் படைப்பு இது. அதற்குள் மூச்சு வாங்கிவிடும். முஸோர்க்ஸ்கியின் வடிவில் சந்தைப் புழுதி மணக்கிறது. இவருடையதிலோ காலணி மெருகேறிவிட்டது. எனக்குப் புழுதியே உவப்பு.

சொரோச்சின்ட்சி, பொல்தாவாப் பகுதியில் இன்றும் உள்ள உக்ரேனியச் சிற்றூர். கோகோல் 1809இல் பிறந்ததும் அங்கேதான். ருஷ்ய மொழியில் ஹகர ஒலிக்குத் தனி எழுத்தில்லை. ககரத்தின் மெல்லொலியால் அதை எழுதுவர். அதனாலேயே இசைச் சுவடிகள் பலவற்றின் முகப்பில் அது ‘கோபாக்’ என நிற்கிறது. ஆடிய ஊரார் வாயிலோ அது ஹோபாக்.