பதியும் உரிமையும் பொறியின் பூட்டும்

தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றை வீட்டிற் பதிந்துவைத்துப் பின்னர்ப் பார்த்தல் பார்வையாளரின் உரிமையா, அன்றிப் பிறர் அளிக்கும் சலுகையா என்னும் வினா அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வந்துள்ளது. நீதிமன்றம் அதற்கு ஒரு விடை கூறிற்று. பொறி வேறொரு விடை கூறிற்று. இவ்விரண்டுக்குமிடையே அகப்பட்டோர், பதிவுக் கருவியைத் தாமே கட்டமைத்துக்கொண்ட இல்லத்தவராவர். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவோம்.

1975இல் சோனி நிறுவனம் பீற்றாமக்ஸ் என்னும் ஒளிநாடாப் பதிவுக் கருவியை வெளியிட்டது. மறு ஆண்டே யூனிவேர்சல், டிஸ்னி ஆகிய படநிறுவனங்கள் அதன்மீது வழக்குத் தொடுத்தன. 1984 சனவரி 17ஆம் திகதி அந்நாட்டு உயர் நீதிமன்றம், பிறிதொரு நேரத்திற் பார்த்தற்பொருட்டு வீட்டிற் பதிதல் நியாயமான பயன்பாடே என ஐவருக்கு நால்வராகத் தீர்ப்பளித்தது. ஆயின் அத்தீர்ப்பு கருவியை விற்க இடமளித்ததேயன்றி, பதியத்தக்கவாறே ஒளிபரப்புக என எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. பின்னைய வரலாறு இவ்விடைவெளியிலேயே நிகழ்ந்தது எனலாம்.

1998இல் நிறைவேறிய இலக்கமுறைப் பதிப்புரிமைச் சட்டம், மறைகுறிப் பூட்டை உடைத்தலையே சட்டவிரோதமாக்கிற்று. 2002 முதலாக, லினக்ஸ் கணினியைப் பதிவுக் கருவியாக்கும் மித்ரீவி என்னும் கட்டற்ற மென்பொருள் பரவலாயிற்று. பூட்டப்படாத ஒளிபரப்பைப் பதிய அதற்குத் தடையிருக்கவில்லை.

முதலாவது தடை கொடியாக வந்தது. ஒளிபரப்புடன் அனுப்பப்படும் ஒரு குறியை, 2005 யூலை 1இன் பின் உருவாகும் இலக்கமுறை வாங்கிகள் யாவும் மதித்தொழுகவேண்டும் எனக் கூட்டாட்சித் தொடர்பாடல் ஆணைக்குழு 2003இல் விதித்தது. நூலகச் சங்கத்தினர் முதலானோர் வழக்காடினர். ஒளிபரப்பை வாங்கியபின் கருவி செய்வதைக் கட்டுப்படுத்த ஆணைக்குழுவுக்கு அதிகாரமில்லை என மேன்முறையீட்டு நீதிமன்றம் 2005 மே மாதத்தில் அவ்விதியை நீக்கியது.

இரண்டாவது தடை கேபிள் வழியாக வந்தது. பூட்டிய அலைவரிசைகளைத் திறக்கும் கேபிள்கார்ட் என்னும் அட்டை, கணினியைப் பொறுத்தவரை, சான்றுபெற்று முழுமையாக விற்கப்பட்ட பொறிகளுக்கே முதலில் உரியதாயிருந்தது. 2009இல் இக்கட்டுப்பாடு தளர்ந்து, தாமே கூட்டிய விண்டோஸ் கணினிகளுக்கும் வழி பிறந்தது. எனினும் நிகழ்ச்சிகள் ‘தடையின்றிப் படியெடுக்கலாம்’, ‘ஒருமுறை மட்டும்’, ‘எடுக்கலாகாது’ எனக் குறியிடப்பட்டன. ‘ஒருமுறை’ எனப்பட்டது பதிந்த கணினியோடு பிணைக்கப்பட்டது. மித்ரீவிக்கோ முதல்வகை மட்டுமே கிட்டியது. 2015இல் வெளிவந்த விண்டோஸ் 10இலிருந்து மீடியா சென்ரர் நீக்கப்பட்டபோது, பூட்டிய பதிவுகளை வைத்திருந்தோர் பழைய மென்பொருளையே பேணவேண்டியவராயினர்.

இவ்வரலாற்றினாற் பெறப்படுவது யாது? கொடி பொதுவிதியாக வந்தமையால் மன்றிலே எதிர்க்கப்பட்டு வீழ்ந்தது. சான்றிதழ் நிபந்தனைகளோ நிறுவனங்களிடையேயான உரிம ஒப்பந்தங்களாக அமைந்தமையால், அவற்றுக்குக் கட்டுப்பட்ட பார்வையாளருக்கு அவ்வொப்பந்தத்தில் இடமேயிருக்கவில்லை. 1984இன் தீர்ப்பை எவரும் மாற்றவில்லை. அதனைப் பயன்படுத்தும் களமே சுருங்கிற்று. உரிமையொன்றை ஆராய்வோர் சட்டநூலை மட்டுமன்றிப் பொறியின் உள்ளமைப்பையும், அதற்குச் சான்றளிப்போர் யாவர் என்பதையும் நோக்கவேண்டும் என்பதே எம் துணிபாகும்.