புலம்பெயர் தொழிலாளர் வதந்தி, கொங்கு நாடு (2023)

தமிழ்நாட்டில், குறிப்பாகத் திருப்பூர், கோயம்புத்தூர் தொழிற்பகுதிகளில், வட மாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்பட்டுக் கொல்லப்படுவதாக 2023 மார்ச் தொடக்கத்தில் பரவிய பொய்ச்செய்தி. சமூக உளவியலில் இது அச்ச வதந்தி எனும் வகையில் அடங்கும்; சதிக்கோட்பாட்டு நம்பிக்கையோடு நெருங்கிய உறவுடையது.

நிகழ்வு: தொடர்பில்லாத பழைய காணொளிகள் சான்றாகக் காட்டப்பட்டன. பின்னலாடை நிறுவனத் தொழிலாளர் பலர் ஊர் திரும்பினர். ஹோலிப் பண்டிகைக்கான வழக்கமான பயணமும் தப்பியோட்டமாகச் சித்திரிக்கப்பட்டது. தமிழ்நாட்டுக் காவல்துறை செய்தியை மறுத்து, உதவி எண்களை அறிவித்து, வதந்தி பரப்பியோர்மீது வழக்குப் பதிந்தது. பீகார் அரசு நால்வர் குழுவை அனுப்பி நிலைமையை ஆராய்ந்தது.

உளவியல் காரணிகள்: நிச்சயமின்மையை விளக்கிக்கொள்ளும் தேவை, பாதுகாப்புணர்வு நாட்டம், தன் குழுவைக் காக்கும் உந்துதல் ஆகிய மூன்றும் இத்தகைய நம்பிக்கைக்கு அடிப்படையாகும். மொழி தெரியாமை மறுப்புச்செய்தி சென்றடைவதைத் தடுக்கும். திரும்பத்திரும்பக் கேட்பது பொய்க்கும் உண்மைத்தோற்றம் தரும்.

ஆய்வுப் பின்னணி: 1934 பீகார் நிலநடுக்கத்தையொட்டிய வதந்திகளை உளவியலாளர் ஜமுனா பிரசாத் ஆராய்ந்தார். அழிவுக்குத் தப்பிய பகுதியிலும் பேரழிவு வதந்திகள் பரவியதை, முன்பே எழுந்த அச்சத்துக்குக் காரணம் கற்பிக்கும் முயற்சியாக சமூக உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1957இல் விளக்கினார்.

முக்கியத்துவம்: தொழிலாளரின் தாய்மொழியிலேயே விரைவாக மறுப்பு வெளியிடுவதன் தேவையை இந்நிகழ்வு உணர்த்தியது.