பேனா மூடியின் மரை

இங்கிலாந்தில் பட்டறைக்கு ஒரு மரை இருந்த காலம். 1841-ல் ஜோசப் விட்வொர்த் எல்லோருக்கும் பொது அளவு வகுத்தார். பேனா மூடி மட்டும் அதில் அடங்கவில்லை. சாதாரண டேப்பால் 0.8 மி.மீ. மரை வெட்டினால், மூடி 4 மி.மீ. இறங்க ஐந்து சுற்று வேண்டும். ஒரு கையெழுத்துக்கு ஐந்து சுற்றா! அதனால் மூன்று மரைகளை அருகருகே வெட்டுகிறார்கள். ஒரே சுற்றில் 2.4 மி.மீ. இறங்கும். மரை ஆழமில்லாததால் மூடியின் சுவரும் மெலியாது. இரும்புக்கடை டேப்பில் இது வராது. மூடிக்குத் தனி டேப், உடலுக்கு அதற்கேற்ற டை, இரண்டும் வேண்டும்.

ராஜமுந்திரி ரத்தினம் சுதேசிப் பேனா செய்ய இறங்கியபோது, மை கசியாமல் மரை இறுகுவதும் பெரிய சோதனைதான். அந்தப் பேனாவைக் காந்தியடிகளிடம் சேர்த்தவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா. வெளிநாட்டுப் பேனாவுக்கு நல்ல மாற்று என்று 1935 ஜூலையில் காந்தி எழுதினார்.