சிகரெட்டை விட்டா பதற்றம் வருதா? எத்தனை நாள் இருக்கும், எப்படிச் சமாளிப்பது?

"விட்டுப் பார்த்தேண்ணே, முடியல. ரெண்டாவது நாளே நெஞ்சு படபடன்னு வந்துருச்சு. ஒண்ணு பத்த வச்சதும்தான் சரியாச்சு."

சோழவந்தான் பக்கம் எந்த டீக்கடையில் பேச்சுக் கொடுத்தாலும் இப்படிச் சொல்ல ஒருவர் கிடைப்பார். சிகரெட், பீடியை விட்டவர்கள் மறுபடி ஆரம்பிக்க இந்தப் பதற்றம் ஒரு முக்கியக் காரணம். ‘நமக்கு டென்ஷன் உடம்பு, தம் இல்லாம ஓடாது’ என்று அவர்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் அங்கே நடப்பது வேறு.

பதற்றம் எங்கிருந்து வருகிறது?

புகையை இழுத்த சுமார் 10 விநாடிகளில் நிக்கோடின் மூளையை எட்டிவிடும். அங்கே டோபமைன் சுரக்கும், கொஞ்ச நேரம் நிம்மதியாக இருக்கும். ஆனால் ரத்தத்தில் உள்ள நிக்கோடின் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அது குறையக் குறைய எரிச்சல், படபடப்பு, எதிலும் கவனம் நிற்காமை எல்லாம் எட்டிப் பார்க்கும். அந்த நேரத்தில் இன்னொன்றைப் பற்ற வைத்தால் சட்டென்று அடங்கிவிடும்.

அதாவது, இந்த தம் அடக்குவது பெரும்பாலும் முந்தைய தம் கிளப்பிவிட்ட டென்ஷனைத்தான். கந்துவட்டிக்காரரிடமே மறுபடி கடன் வாங்கி அவருக்கே வட்டி கட்டுவது மாதிரி. அன்றைக்குத் தப்பிக்கலாம், கடன் தீராது.

எத்தனை நாள் இருக்கும்?

நிறுத்திய சில மணி நேரத்திலேயே அறிகுறிகள் தொடங்கும். பெரும்பாலானவர்களுக்கு 2-வது, 3-வது நாள்தான் உச்சம். முதல் வாரம் கஷ்டம். பிறகு படிப்படியாக இறங்கி 2 முதல் 4 வாரங்களில் அடங்கிவிடும். தூக்கம் கெடுவது, பசி கூடுவது, காரணமே இல்லாமல் வீட்டில் சண்டை போடுவது எல்லாம் இதில் சேர்ந்ததுதான். வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

மேலே சொன்ன டீக்கடைக்காரர் ‘முடியல’ என்று விட்டது 2-வது நாள். சரியாக ஏற்றத்தின் உச்சியில் நின்று திரும்பியிருக்கிறார்.

அதைத் தாண்டியவர்களுக்கு என்ன ஆகிறது? 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2014-ல் ஒரு கட்டுரை வெளிவந்தது. தொடர்ந்து புகைத்தவர்களோடு ஒப்பிட்டால், விட்டவர்களுக்குப் பதற்றம், மனச்சோர்வு, மன அழுத்தம் மூன்றுமே குறைந்திருந்தன. ஏற்கெனவே மனநலப் பிரச்சினை இருந்தவர்களிடமும் இதே போக்குதான் தெரிந்தது.

மாலை போட்டவர் எப்படி விடுகிறார்?

நம்ம ஊரில் இதற்கு ஆய்வு தேடிப் போக வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் ஊதுபவர்கூட ஐயப்பனுக்கு மாலை போட்டால் ஒரு மண்டலம் தொடாமல் இருக்கிறார். அவர் உடம்பிலும் அதே நிக்கோடின்தான் குறைகிறது, அதே படபடப்புதான் வந்து போகிறது. ஆனால் அவரைச் சுற்றி எல்லாம் மாறிவிடுகிறது. விடிகாலையில் குளியல், சாயங்காலம் பூஜை, எல்லோரும் ‘சாமி’ என்று கூப்பிடுகிறார்கள். ‘ஒண்ணு இழுக்கிறியா?’ என்று யாரும் நீட்டுவதில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மாலையைக் கழற்றும்போது, நிக்கோடின் நின்றதால் வந்த அறிகுறிகள் முடிந்து பல நாள் ஆகியிருக்கும். அதற்குப் பிறகு பற்ற வைப்பது உடம்பு கேட்டு அல்ல. அதே டீக்கடை, அதே கூட்டாளிகள், கையில் அதே கண்ணாடி டம்ளர் என்பதால்தான். உடம்பின் தவிப்பு வாரங்களில் முடியும், பழக்கம் அதைவிட நீளம். எனவே முதல் ஒரு மாதமாவது வழக்கமாக நிற்கும் இடத்தை மாற்றுங்கள். மது குடிக்கும் நேரத்தில்தான் பலரும் வழுக்குகிறார்கள், அதையும் தள்ளிப் போடுங்கள்.

அப்போ அந்த நேரத்தில் என்ன செய்வது?

‘இப்பவே வேணும்’ என்ற உந்துதல் ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள்தான் நிற்கும். அதைக் கடத்தினால் போதும். தம் அடிக்கப் போகும்போது நாம் வேலையை விட்டு எழுந்து, வெளியே வந்து, ஐந்து நிமிடம் ஆழமாக மூச்சு இழுத்து விடுகிறோம். அந்த நிம்மதியில் ஒரு பங்கு புகைக்கு அல்ல, இந்த இடைவேளைக்குச் சேர வேண்டியது. ஆகவே இடைவேளையை விடாதீர்கள். வெளியே வாருங்கள், மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள், ஒரு நடை போய் வாருங்கள்.

டீயைப் பாதியாக்குங்கள்

பலருக்கும் தெரியாத விஷயம் இது. புகையில் உள்ள சில ரசாயனங்கள் கல்லீரலைத் தூண்டி காபி, டீயில் இருக்கும் கஃபீனை வேகமாக வெளியேற்ற வைக்கின்றன. சிகரெட்டை நிறுத்தினால் அந்த வேகம் குறைந்துவிடும். நேற்று குடித்த அதே ஆறு டீ இன்று ரத்தத்தில் அதிக நேரம் தங்கும். கை நடுக்கம், நெஞ்சு படபடப்பு, ராத்திரி தூக்கம் வராமல் புரள்வது எல்லாம் வரும். பழியெல்லாம் சிகரெட்டை விட்டதன் மேல் விழும்! விடும் நாளிலிருந்து டீ, காபியைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள்.

இதே காரணத்தால் சில மருந்துகளின் அளவும் ரத்தத்தில் கூடலாம். க்ளோசபின், ஒலான்சபின் போன்ற மனநல மருந்துகளோ, ஆஸ்துமாவுக்குத் தியோபிலினோ எடுப்பவர்கள் சிகரெட்டை நிறுத்தும் முன் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

‘தம்முக்குப் பதிலா வெத்தலை போடுறேன்’: சரியா?

சோழவந்தானில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கொடிக்கால் ஊர். இங்கு விளையும் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. வெற்றிலையோடு என்ன சேருகிறது என்பதுதான் இங்கே சிக்கல். புகையிலை சேர்த்துப் போட்டால் நிக்கோடின் வேறு வாசல் வழியாக உள்ளே வருகிறது, அவ்வளவுதான். விட்டதாகவே கணக்கில்லை. ‘வெறும் பாக்கு மட்டும்தான்’ என்றாலும் தப்பில்லை என்று சொல்ல முடியாது. பாக்கைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் 2004-லேயே சேர்த்திருக்கிறது சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை. பாக்குக்கும் அடிமையாக்கும் குணம் உண்டு. வாய் சும்மா இருக்க மாட்டேன் என்றால் கிராம்பு, ஏலக்காய், சோம்பு போதும். சிகரெட்டிலிருந்து பீடிக்கு மாறுவதும் இதே கதைதான். இ-சிகரெட்டுக்கு இந்தியாவில் 2019 முதல் தடை இருக்கிறது.

நிக்கோடின் சூயிங்கம் உதவுமா?

உதவும். புகையின் தாரும் கார்பன் மோனாக்சைடும் இல்லாமல் கொஞ்சம் நிக்கோடினை மட்டும் கொடுத்து, அந்த உச்சத்தைத் தணிக்கும். உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் 2009 முதல் இருக்கிறது. பலரும் ‘வேலைக்கு ஆகல’ என்று தூக்கிப் போடுவது, சாதாரண பபிள்கம் மாதிரி மென்று விழுங்குவதால். காரம் தெரியும் வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். இப்படி அரை மணி நேரம். வாயில் இருக்கும்போதும், அதற்கு 15 நிமிடம் முன்பும் டீ, காபி, ஜூஸ் கூடாது. எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்ற வைப்பவர்களுக்குப் பொதுவாகக் கூடுதல் அளவு தேவைப்படும். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் பயன்படுத்த வேண்டாம். வரெனிக்லின், புப்ரோபியான் என்ற மாத்திரைகளும் இருக்கின்றன, ஆனால் அவற்றை டாக்டர் எழுதித் தர வேண்டும்.

யாரிடம் பேசலாம்?

சிகரெட் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பயமுறுத்தும் படத்துக்குப் பக்கத்தில் 1800-11-2356 என்ற எண் இருக்கும். 2018 செப்டம்பர் முதல் அச்சிடப்படுகிறது. பல வருடமாகக் கையில் வைத்திருந்தும் கவனிக்காதவர்கள்தான் அதிகம். இது மத்திய அரசின் இலவச ஆலோசனை எண். விடும் நாளைக் குறிக்க உதவுவார்கள், பிறகு அவர்களே கூப்பிட்டு விசாரிப்பார்கள்.

பதற்றம் மட்டும் தனியாகப் படுத்தினால் 14416. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் 2022 முதல் இயங்கும் மனநல ஆலோசனை சேவை இது. 24 மணி நேரமும் பேசலாம்.

ஒரு மாதம் கடந்தும் பதற்றம் குறையவில்லை, அல்லது சிகரெட் பழக்கத்துக்கு முன்பிருந்தே உங்களுக்கு இது உண்டு என்றால், அதை நிக்கோடின் கணக்கில் எழுதிவிட்டு இருந்துவிடாதீர்கள். பதற்றத்துக்கென்றே சிகிச்சை இருக்கிறது, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போட வேண்டாம். நெஞ்சை அழுத்தும் வலி, இடது கைக்குப் பரவுவது, வியர்த்துக் கொட்டுவது போன்றவை இருந்தால் ‘விட்டதால வர்ற படபடப்புதான்’ என்று நினைத்து வீட்டில் உட்காராமல் உடனே 108-க்கு அழையுங்கள்.