ரேமுக்குள் அடங்காத படம்

பாதி ஆப்பிள், பாதி ஆரஞ்சு. எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்பது எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பிடிபடாது. 1983-இல் அமெரிக்காவின் ஆர்சிஏ ஆய்வுக்கூடத்தில் இருந்த பீட்டர் பர்ட், எட்வர்ட் அடெல்சன் இருவரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் வந்த படம் அது. பல புகைப்படங்களை ஒட்டுத் தெரியாமல் ஒரே அகன்ற படமாக (பனோரமா) சேர்க்கும் என்பிளெண்ட் என்ற கட்டற்ற மென்பொருளின் வேர் அந்தக் கட்டுரையில்தான் இருக்கிறது.

இரண்டு படங்களை ஒட்டும்போது எழும் சிக்கல் பழையது. ஒட்டும் பட்டையைக் குறுகலாக வைத்தால் வானத்தின் நீலம் ஓரிடத்தில் திடீரென்று மாறி, கோடு போட்டதுபோல் தெரியும். அகலமாக வைத்தால் கோடு மறையும். ஆனால் மரக்கிளையும் முகமும் இரட்டையாகத் தெரியும். பர்ட்டும் அடெல்சனும் படத்தைப் பல அடுக்குகளாகப் பிரித்தார்கள். வானத்தைப் போல மெதுவாக மாறும் நிறத்தை அகலமான பட்டையிலும், இலை நுனி போன்ற நுணுக்கத்தைக் குறுகிய பட்டையிலும் கலந்து, பிறகு அடுக்குகளைத் திரும்பச் சேர்த்தார்கள். ஒவ்வோர் அடுக்கும் முந்தையதில் நீளத்தில் பாதி, அகலத்தில் பாதி. அதனால்தான் இதைப் பிரமிடு என்கிறார்கள்.

ஆனால் ஒட்டுவதற்கு முன் படங்கள் பொருந்த வேண்டும். 1998-இல் ஜெர்மனியின் ஃபுர்ட்வாங்கன் கல்லூரிப் பேராசிரியர் ஹெல்முட் டெர்ஷ் பனோரமா டூல்ஸ் என்ற மென்பொருளை வெளியிட்டார். லென்ஸின் வளைவைச் சரிசெய்து படங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தும் கணிதம் அதில் இருந்தது. 2003-இல் பாப்லோ டி'ஆஞ்சலோ அதற்கு ஹியூகின் என்ற முகப்பை எழுதத் தொடங்கினார். படங்கள் பொருந்தின. ஒளி மாறிய இடங்களில் ஒட்டு மட்டும் காட்டிக்கொடுத்தது. 2004-இல் ஆண்ட்ரூ மிஹால் என்பிளெண்டை வெளியிட்டபோது, இருபது ஆண்டுகளுக்கு முந்தைய அந்த ஆப்பிள்–ஆரஞ்சு வித்தை எல்லோர் கைக்கும் இலவசமாக வந்துசேர்ந்தது.

வந்த உடனே அது முட்டிக்கொண்டது கணினியின் மெமரியில்தான்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். படம் 20,000 பிக்சல் அகலம், 10,000 பிக்சல் உயரம் என்றால் 20 கோடி பிக்சல். மூன்று நிறங்களுக்கு ஒரு பைட் வீதம் 60 கோடி பைட். பிரமிடில் இடைக்கணக்குகள் துல்லியமாக இருக்க வேண்டுமானால் ஒரு நிறத்துக்கு இரண்டு பைட்டாவது தேவை. 120 கோடி ஆகிறது. மேலடுக்குகளுக்காக மூன்றில் ஒரு பங்கு கூடி 160 கோடி. ஒட்டுவது இரண்டு படங்களை. ஆக 320 கோடி பைட், அதாவது 3 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. எந்தப் படம் எங்கே தெரிய வேண்டும் என்று சொல்லும் முகமூடிக்கும் ஒரு பிரமிடு தனியாக வேண்டும். அன்றைய 32-பிட் விண்டோஸ் ஒரு நிரலுக்குக் கொடுத்ததோ வழக்கமாக 2 ஜிபி. ரேமைக் கூட்டினாலும் அந்த வரம்பு நகராது. பெரிய படம் யாருக்கு வேண்டும் என்று அன்று ஒதுக்கிவிடவும் முடியவில்லை. 2003-லேயே மேக்ஸ் லையன்ஸ் என்ற புகைப்படக்காரர் 196 புகைப்படங்களைச் சேர்த்து, அமெரிக்காவின் பிரைஸ் கேன்யனை நூறு கோடிப் பிக்சலுக்கு மேல் விரித்துக் காட்டியிருந்தார்.

என்பிளெண்ட் மெமரிச் சிக்கலைச் சமாளித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. முதலாவது, முழுப் பனோரமாவுக்கும் பிரமிடு கட்டாமல், ஒட்டுக்கோட்டைச் சுற்றித் தேவையான பகுதிக்கு மட்டும் கட்டியது. இரண்டாவது, படத்தைச் சிறு துண்டுகளாக்கி, அப்போதைக்கு வேண்டாதவற்றை வட்டிலுள்ள தற்காலிகக் கோப்புக்கு அனுப்பிவிட்டு, கேட்கும்போது திரும்ப எடுத்தது. பெரிய வரைபடத்தைச் சின்ன மேசையில் மடித்து மடித்துப் பார்ப்பது போன்ற வேலை இது. எவ்வளவு மெமரி எடுக்கலாம் என்பதைப் பயனரே சொல்ல முடிந்தது. சொல்லாவிட்டால் 1 ஜிபி. துண்டின் அளவு 2 எம்பி. மெதுவாக ஓடும்; ஆனால் முடித்துக் கொடுக்கும். பாதியில் நின்றுவிடும் வேகமான நிரலைவிட இரவெல்லாம் ஓடிக் காலையில் படத்தைத் தரும் நிரலே மேல்.

பிறகு பல மையங்கள் கொண்ட செயலிகள் வந்தன. ஒரே வேலையைப் பல மையங்களுக்குப் பங்கிட என்பிளெண்டில் வழி செய்தபோது, இந்தத் துண்டு ஏற்பாடு அதனோடு ஒத்துப்போகவில்லை. ஒரு மையம் படிக்கும் துண்டை இன்னொரு மையம் வட்டுக்கு அனுப்பிவிடும் ஆபத்து. ஒன்று சிக்கனம், இல்லையேல் வேகம். அதனால் ஒரே நிரல் விண்டோஸில் இரண்டு வடிவங்களாக வழங்கப்பட்டது. 64-பிட் கணினிகள் பரவியபின் பழைய வரம்பு தளர்ந்தது.

இதே வேலைக்காக டேவிட் ஹோர்மன் எழுதிய மல்டிபிளெண்ட் வேறு பாதையில் போனது. என்பிளெண்ட் படங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகும்; ஒவ்வொரு முறையும் பிரமிடைப் புதிதாகக் கட்டும். மல்டிபிளெண்ட் எல்லா ஒட்டுக்கோடுகளையும் முதலிலேயே தீர்மானித்து, எல்லாப் படங்களையும் ஒரே கலவையில் முடிக்கிறது. நேரம் வெகுவாகக் குறைகிறது.

இரண்டின் மூல நிரலும் ஜிபிஎல் உரிமத்தில் திறந்தே கிடக்கிறது. கணினி அறிவியல் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பர்ட்–அடெல்சன் கட்டுரையை முதலில் படியுங்கள். பிறகு என்பிளெண்டின் பழைய பதிப்பு ஒன்றைத் திறந்து, அந்தத் துண்டுகளை வட்டுக்கு அனுப்பித் திரும்ப எடுக்கும் பகுதியை வரிவரியாகப் பாருங்கள். மெமரி நிர்வாகத்தை அதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடத்தை வகுப்பறையில் காண்பது அரிது.